எக்ஸ்டெண்டட் வாரண்டிக்குப் பணம் கட்டும் முன் ஒப்பந்தத்தைக் கேட்டு வாங்குங்கள்

ஒரு வீட்டில் கார் வாங்கப் போகிறார்கள் என்றால் எந்த வருடத்து மாடல், எத்தனை கிலோமீற்றர் ஓடியது, லீசிங் எவ்வளவு கிடைக்கும் என்று சொந்தபந்தமெல்லாம் கூடிக் கதைக்கும். வாரண்டி என்று வந்தால் மட்டும் "ரெண்டு வருசம் இருக்காம்" என்பதோடு கதை முடிந்துவிடும். அது என்ன ரெண்டு வருசம், எதற்கு, யார் பொறுப்பு என்று யாரும் கேட்பதில்லை. இத்தனைக்கும் எக்ஸ்டெண்டட் வாரண்டி, அதாவது கார் பழுதானால் திருத்தித் தருவதாக விற்கிற நீட்டித்த உத்தரவாதம், இனாமாக வருவதில்லை. காரின் விலைக்கு மேலே தனியாக ஒரு தொகை கட்டித்தான் அதை வாங்குகிறோம்.

நான் மட்டக்களப்பில் ஒரு சட்டத்தரணியின் அலுவலகத்தில் எழுதுவினைஞராக இருக்கிறேன். காணி உறுதி, அற்றோனித் தத்துவம், குத்தகை ஒப்பந்தம் என்று நாள் முழுக்கப் பேப்பரோடுதான் வேலை. மகளுக்குச் சீதனமாக வீடு எழுத வருகிற தகப்பன்மாரைப் பார்க்க வேண்டும். வடக்கே யாருடைய வளவு, கிழக்கே ஒழுங்கையா வேலியா, கிணற்றில் பங்கு எழுதியிருக்கிறதா என்று ஒரு எல்லையும் விடாமல் வாசிக்கச் சொல்லிக் கேட்பார்கள். வாரண்டி ஒப்பந்தத்துக்கும் அப்படி நான்கு எல்லை இருக்கிறது. அதைக் கேட்டுப் பார்க்காமல் கையெழுத்து வைக்கக் கூடாது என்று நான் நினைக்கிறேன்.

இதை இப்போது எழுதக் காரணம் என் தங்கச்சியின் கணவர். அவர் களுவாஞ்சிகுடியில் இருந்து தினமும் மட்டக்களப்புக்கு வேலைக்கு வந்து போகிறார். 2020 மார்ச்சில் நிறுத்தின வாகன இறக்குமதி, தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் திரும்பத் திறந்தது. இடைப்பட்ட காலத்தில் ஏற்கெனவே நாட்டில் ஓடிக்கொண்டிருந்த கார்களே கை மாறிக்கொண்டிருந்தன. இப்போதும் புதிதாக இறங்குகிற கார்களின் விலை எங்களைப் போன்ற குடும்பங்களுக்கு எட்டாது. அதனால் அவர் பதிவு செய்து ஓடின, பெற்றோலோடு பற்றரியிலும் ஓடுகிற ஹைபிரிட் காரான ஒரு டொயோட்டா அக்குவாவைக் கொழும்புப் பக்கம் ஒரு வாகன விற்பனை நிலையத்தில் பார்த்து வைத்திருந்தார். "ஹைபிரிட் பற்றரி உட்பட ரெண்டு வருட வாரண்டி எடுக்கலாம்" என்று அவர்கள் வட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பியிருந்தார்கள்.

"படம் வேண்டாம் தம்பி, முழு ஒப்பந்தத்தையும் அனுப்பச் சொல்லுங்கள். அதற்குப் பிறகு முற்பணத்தைப் பற்றிக் கதைப்போம்" என்று சொன்னேன். முதலில் இன்னொரு படம் வந்தது. பிறகு ஒரு விலைப்பட்டியல். "ஒப்பந்தம் காசு கட்டின பிறகுதான் தருவோம்" என்றார்கள். திரும்பத் திரும்பக் கேட்ட பிறகு, பொடி எழுத்தில் ஆறு பக்கம் வந்தது. நல்ல கடை என்றால் கேட்ட உடனே தந்துவிடும். காசுக்கு முன் காட்ட முடியாத ஒப்பந்தத்தை நான் யாருக்கும் வாங்கச் சொல்ல மாட்டேன்.

அன்று பின்னேரம் ரெண்டு பேரும் மண்டபத்து மேசையில் இருந்து, பென்சிலால் கோடு போட்டுப் போட்டு வாசித்தோம்.

முதலில் பார்க்க வேண்டியது, வாரண்டி தருவது யார் என்பது. "கொம்பனி வாரண்டி" என்று பொதுவாகச் சொல்வார்கள். எந்தக் கொம்பனி? காரைச் செய்த நிறுவனம் தன் ஏஜென்ட் மூலம் புதுக் காருக்குத் தருவது ஒன்று. காரை விற்கிற கடை தானே தருவது இன்னொன்று. ரெண்டு பேருமில்லாமல், வாரண்டி விற்பதையே தொழிலாகக் கொண்ட மூன்றாவது ஒருவர் தருவது வேறொன்று. தம்பியிடம் வந்த ஒப்பந்தத்தில் மேலே கடையின் பெயர் பெரிதாக இருந்தது. கடைசிப் பக்கத்தில், கோரிக்கைகளுக்கு வேறொரு நிறுவனமே பொறுப்பு என்றும் விற்பனை நிலையத்துக்கு அதில் எந்தப் பொறுப்பும் கிடையாது என்றும் ஒரு வரி. கார் பழுதானால் கடைக்காரரைப் பிடிக்கலாம் என்று நினைத்திருந்தவருக்கு அந்த வரியே போதுமாக இருந்தது.

இதோடு சேர்த்து ஒன்று. வாரண்டியும் காப்புறுதியும் ஒன்றில்லை. மோதினால், களவு போனால் காப்புறுதி. ஓடிக்கொண்டிருக்கிற ஒரு பாகம் தன்பாட்டில் பழுதானால் வாரண்டி. "புல் இன்ஸூரன்ஸ் இருக்குதானே" என்று ஒருவரும், "வாரண்டி இருக்குதானே" என்று இன்னொருவரும் ஒன்றை மற்றதாக நினைத்துக் கதைப்பதை அலுவலகத்தில் அடிக்கடி கேட்கிறேன்.

அடுத்தது காலம். 24 மாதம் அல்லது 20,000 கிலோமீற்றர், இதில் எது முதலில் வருகிறதோ அதோடு வாரண்டி முடியும் என்று எழுதியிருந்தது. தம்பி வேலைக்குப் போய் வர ஒரு நாளைக்கு 60 கிலோமீற்றர் பக்கம் வரும். மாதத்தில் 22 வேலை நாள் என்று வைத்தாலே 1,320 கிலோமீற்றர். கோயில், ஆஸ்பத்திரி, கல்யாணம் எதையும் சேர்க்காமலே பதினைந்து மாதத்தில் 20,000 ஓடிவிடும். ரெண்டு வருட வாரண்டி என்று காசு வாங்கினார்கள் என்றால் இவருக்குக் கிடைப்பது ஒன்றேகால் வருடம். ஆரையம்பதியில் வீடும் காத்தான்குடியில் வேலையும் உள்ள ஒருவருக்கு அதே ஒப்பந்தம் முழு ரெண்டு வருடமும் நிற்கும். ஆளுக்கு ஆள் கணக்கு வேறு. ஒரு துண்டுப் பேப்பரில் உங்கள் ஓட்டத்தைக் கணக்குப் பார்க்க ஐந்து நிமிடம் போதும்.

காலம் எப்போது தொடங்குகிறது என்பதும் முக்கியம். இந்த ஒப்பந்தத்தில் முற்பணம் கட்டின நாளில் இருந்து என்று இருந்தது. லீசிங் பேப்பர் சரிவந்து, மீதிக் காசு போய், கார் கைக்கு வர ஒரு மாதம் இழுபடலாம். மறுபக்கம், கார் கைக்கு வந்து முதல் 30 நாளைக்குள் வருகிற பழுதுக்கு வாரண்டி இல்லை என்றும் ஒரு வரி. பழைய காரில் ஒளிந்திருக்கிற பழுது தலைகாட்டுவது பெரும்பாலும் அந்த முதல் மாதத்தில்தான். அப்படி வந்தால் அது வாங்கும்போதே இருந்த பழுது, நாங்கள் பொறுப்பில்லை என்று சொல்லவும் இன்னொரு வரி வைத்திருந்தார்கள்.

இனிப் பற்றரி. தம்பி இந்த வாரண்டியை எடுக்க நினைத்ததே அதற்காகத்தான், அதனால் இதில் கொஞ்சம் அதிகமாக மினக்கெட்டோம்.

காத்தான்குடியில் ஹைபிரிட் கார்களைக் கழற்றிப் பூட்டுகிற ஒரு காக்கா (முஸ்லிம் அண்ணன்) இருக்கிறார். அவருடைய கராஜுக்குப் போனபோது மேசையில் ஒரு அக்குவாவின் பற்றரி திறந்து கிடந்தது. 2011இல் வந்த முதல் தலைமுறை அக்குவாவில், பின் சீற்றுக்குக் கீழே, புத்தகங்களை அடுக்கின மாதிரி, மொடியூல் என்கிற சிறு பற்றரித் துண்டுகள் 20 இருக்கின்றன. ஒவ்வொன்றும் 7.2 வோல்ட், எல்லாம் சேர்ந்து 144 வோல்ட். காக்கா மீற்றரை ஒவ்வொன்றாக வைத்துக் காட்டினார். பத்தொன்பது கிட்டத்தட்ட ஒரே அளவு. ஒன்று மட்டும் கீழே. அந்த ஒன்றால்தான் டாஷ்போர்டில் எச்சரிக்கை விளக்கு எரிகிறது. "இந்த ஒண்ட மாத்தினா லைட் போயிரும் தங்கச்சி. ஆனா மத்ததும் இதே வயசுதானே. கொஞ்ச நாள்ல அடுத்தது படுக்கும்" என்றார்.

பிறகு ஒரு சிறிய வலையைக் கையில் தந்தார். பற்றரியைக் குளிர்விக்கக் காற்று இழுக்கிற வாய்க்குப் போடுகிறது. அந்த வாய் பின் சீற்றின் பக்கத்தில்தான் இருக்கிறது. வலை முழுக்கக் கடற்கரை மணலும் தலைமுடியும் நூலும் சேர்ந்து ஒரு படையாகப் படிந்திருந்தது. காற்றுப் போகாவிட்டால் பற்றரி சூடேறும், சூடேறினால் மொடியூல் சீக்கிரம் செத்துப்போகும். எங்கள் ஊர் மணலுக்கு இதை அடிக்கடி கழற்றித் துப்புரவாக்க வேண்டும் என்றார்.

இதைக் கண்ணால் பார்த்த பிறகு ஒப்பந்தத்தை வாசித்தால் ஒவ்வொரு சொல்லும் வேறு மாதிரித் தெரிகிறது. "நிறுவனத்தின் விருப்பப்படி பழுதுபார்த்தல் அல்லது சமமான நிலையிலுள்ள பாவித்த பாகத்தால் மாற்றுதல்" என்று இருந்தது. அதாவது பற்றரி போனால் புதுப் பற்றரி தருவோம் என்று அவர்கள் எங்கும் சொல்லவில்லை. அந்த ஒரு மொடியூலை மாற்றி விளக்கை அணைத்தாலே ஒப்பந்தப்படி கடமை முடிந்தது. பற்றரியின் கொள்ளளவு படிப்படியாகக் குறைவது இயல்பான தேய்மானம், அதற்கு வாரண்டி இல்லை. குளிர்விக்கும் வாய் அடைபட்டதால் வந்த பழுதுக்கும் இல்லை. "ஹைபிரிட் பற்றரி உட்பட" என்று வட்ஸ்அப் படத்தில் போட்டது பொய்யில்லை. ஆனால் தம்பி விளங்கிக்கொண்டதும் அவர்கள் எழுதியதும் வேறு வேறு.

மின்சாரக் கார் வாங்குகிறவர்களும் இதே இடத்தில் நின்று பார்க்க வேண்டும். புதிய மின்சாரக் கார்களுக்குப் பல தயாரிப்பாளர்கள் பற்றரிக்கு 8 வருடம் அல்லது 1,60,000 கிலோமீற்றர் என்று தருகிறார்கள். அதில் கொள்ளளவு 70 வீதத்துக்குக் கீழே போனால் பொறுப்பு என்று அளவு ஒன்றை எழுதுவது வழக்கம். இலங்கையில் விற்கிற அந்தக் குறிப்பிட்ட காரின் பேப்பரில் அந்த அளவு எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். அளவு இல்லாவிட்டால் 'பழுது' என்பது அவர்கள் சொல்வதுதான்.

சரி, கோரிக்கையை ஏற்றுக்கொண்டார்கள் என்றே வைப்போம். எவ்வளவு தருவார்கள்? இந்த ஒப்பந்தத்தில் ரெண்டாவது வருடத்தில் பாகங்களின் விலையில் 40 வீதம் காரின் சொந்தக்காரர் கட்ட வேண்டும். கூலிக்கு ஒரு தடவைக்கு 10,000 ரூபாய்க்கு மேல் தரமாட்டார்கள். வற் வரி முழுக்க எங்கள் தலையில். ரெண்டு லட்சம் ரூபாய் வேலை ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். பாகம் 1,60,000, கூலி 40,000. பாகத்தில் எங்கள் பங்கு 64,000. கூலியில் 30,000. 18 வீத வற் 36,000. கூட்டினால் எங்கள் கையால் 1,30,000, அவர்கள் தருவது 1,06,000. பாதிக்கும் குறைவு. தம்பி இந்தக் கணக்கைப் பார்த்துவிட்டு நெடுநேரம் ஒன்றும் பேசவில்லை.

விலக்குகள் பட்டியல் ஒன்றரைப் பக்கம். பிரேக் பேட், வைப்பர், பல்ப், டயர், 12 வோல்ட் பற்றரி இதெல்லாம் தேய்கிற சாமான், பெரும்பாலான வாரண்டிகளில் இருக்காது, அதில் கோபப்பட ஒன்றுமில்லை. எங்களைக் கடிப்பது வேறு மூன்று. வெள்ளத்தால் அல்லது நீர் புகுந்ததால் வந்த பழுது. உப்புக் காற்றால் வந்த துரு. வாடகைக்கு ஓட்டியது. மாரி தொடங்கி கார்த்திகை, மார்கழியில் கிரான் பக்கத்துப் பாதைகளும் கல்முனைப் பக்கத்துத் தாழ்ந்த தெருக்களும் எப்படிக் கிடக்கும் என்று இங்கே யாருக்கும் சொல்லத் தேவையில்லை. சக்கரம் நனைகிற தண்ணீரில் ஒரு தடவை போய்வந்த காருக்கு மூன்று மாதம் கழித்து ஒரு சென்சர் பழுதானாலும் 'நீர் புகுந்தது' என்று எழுதிவிடலாம். வாடகை என்பதும் அப்படித்தான். ஓய்வு நேரத்தில் தெரிந்தவர்களை விமான நிலையத்துக்குக் கொண்டுபோய் விட்டு எரிபொருள் காசு வாங்குகிறவர்கள் எங்கள் ஊரில் நிறையப் பேர். வாரண்டி போவதற்கு அது போதும்.

'விளைவுச் சேதம்' என்று இன்னொன்று. ஒரு சிறிய தண்ணீர்ப் பம்ப் பழுதாகி, அதனால் எஞ்சின் சூடேறி, ஹெட் வளைந்தால், பம்புக்கு மட்டும்தான் காசு. பெரிய செலவு எஞ்சினில்தான் என்றாலும் அது பம்பின் விளைவு என்று தள்ளிவிடுவார்கள். இந்தச் சொல் இருக்கிறதா என்று கட்டாயம் தேடிப் பாருங்கள்.

கிழக்கில் இருக்கிற நாங்கள் மற்ற எல்லாவற்றையும் விட உன்னிப்பாகப் பார்க்க வேண்டியது இடம். பழுதுபார்ப்பு 'அங்கீகரிக்கப்பட்ட' கராஜில்தான் நடக்க வேண்டும் என்று இருந்தது. பட்டியலில் உள்ள கராஜ்கள் எல்லாம் கொழும்பும் அதைச் சுற்றியும். மட்டக்களப்பில் இருந்து கொழும்பு 300 கிலோமீற்றருக்கு மேல். கார் செங்கலடியில் நின்றுவிட்டால் லொறியில் ஏற்றிக் கொண்டுபோகிற செலவு எங்களுடையது. கழற்றிப் பார்த்த பிறகு 'இது வாரண்டிக்குள் வராது' என்றால் கழற்றின கூலியும் எங்களுடையது. திரும்பக் கொண்டுவருவதும் எங்களுடையது. அவசரத்துக்கு இங்கேயே யாரிடமாவது கைவைத்தால், முன் அனுமதி இல்லாமல் திருத்தியது என்று வாரண்டியே போய்விடும். நுகேகொடையில் இருக்கிற ஒருவருக்கு இந்த ஒப்பந்தம் ஓரளவு பிரயோசனப்படலாம். களுவாஞ்சிகுடியில் இருக்கிறவருக்கும் அதே விலைக்கு விற்பதுதான் எனக்குச் சரியாகப்படவில்லை.

சேர்விஸ் விசயமும் அதே முடிச்சுத்தான். 5,000 கிலோமீற்றருக்கு ஒரு தடவை, 500 கிலோமீற்றருக்கு மேல் பிந்தாமல், அவர்கள் சொன்ன இடத்தில், பில்லோடு. கல்லடியில் எங்கள் பக்கத்து வீட்டு அண்ணனுக்கு வேறொரு நிறுவனத்தின் வாரண்டி இருந்தது. கியர் பொக்ஸ் பழுதுக்குக் கேட்டபோது, ஒரு சேர்விஸுக்குப் பில் இல்லை என்று மறுத்துவிட்டார்கள். சேர்விஸ் செய்தது உண்மை. தெரிந்த பொடியனிடம் செய்ததால் பில் எழுதவில்லை, ஒயில் வாங்கின ரசீதும் வைத்திருக்கவில்லை. ஒயில் மாற்றினதற்கும் கியர் பொக்ஸ் பழுதுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டார். சம்பந்தம் தேவையில்லை, ஒப்பந்தத்தில் அப்படித்தான் இருக்கிறது என்று பதில் வந்தது. அந்த மனுசன் காரைப் பிள்ளையைப் போல வைத்திருந்தவர். எனக்கு இன்னும் அது மனவருத்தம்.

சட்டத்தைப் பற்றிக் கொஞ்சம். நான் சட்டத்தரணி இல்லை, ஆனாலும் இந்த விசயங்கள் மேசைக்கு வந்து போகிறவை. வழக்கு எங்கே போடுவது என்பதற்கு எங்கள் குடியியல் நடவடிக்கைமுறைக் கோவையின் 9ஆம் பிரிவு, எதிராளி இருக்கிற இடம், வழக்குக்கான காரணம் எழுந்த இடம், ஒப்பந்தம் செய்த இடம் என்றெல்லாம் பார்க்கிறது. ஆகவே எங்கே இருந்து கையெழுத்து வைக்கிறீர்கள் என்பதற்கும் பெறுமதி உண்டு. தம்பியின் ஒப்பந்தத்தில் கொழும்பு நீதிமன்றங்களுக்கு மட்டுமே அதிகாரம் என்று ஒரு வரியும் இருந்தது. எண்பதாயிரம் ரூபாய்ப் பிணக்குக்கு யார் தவணைக்குத் தவணை கொழும்புக்குப் போவார்கள்?

'சட்டத்தில் உள்ள எந்த உட்கிடையான உத்தரவாதமும் இந்த விற்பனைக்குப் பொருந்தாது' என்றும், அதாவது பேப்பரில் எழுதாவிட்டாலும் சட்டமே இருப்பதாக எடுத்துக்கொள்கிற உத்தரவாதம் எதுவும் இல்லை என்றும், எழுதியிருந்தார்கள். அதைப் பார்த்துப் பயந்து எல்லாம் போய்விட்டது என்று நினைக்க வேண்டாம். பொருள் விற்பனைக் கட்டளைச் சட்டம் 1896இல் இருந்து இருக்கிறது, 1997இல் நியாயமற்ற ஒப்பந்த நிபந்தனைகள் பற்றி 26ஆம் இலக்கச் சட்டமும் வந்தது. கடைக்காரர் எழுதிவிட்டார் என்பதற்காக ஒவ்வொரு வரியும் நீதிமன்றத்தில் அப்படியே நிற்காது. ஆனால் வாசிக்காமல் வைத்த கையெழுத்தும் கையெழுத்துத்தான், 'எனக்குத் தெரியாது' என்று பிறகு சொல்வது மிகக் கஷ்டம். அதனால் நான் சட்டத்தை நம்பி அல்ல, பேப்பரைப் பார்த்துத்தான் முடிவெடுக்கச் சொல்கிறேன்.

தம்பி கடைக்கு மின்னஞ்சலில் நான்கு விசயம் கேட்டார். வாரண்டி, கார் கைக்கு வந்த நாளில் இருந்து தொடங்க வேண்டும். சேர்விஸை மட்டக்களப்பில் பில் தருகிற ஒரு கராஜில் செய்ய அனுமதி வேண்டும். பற்றரி பழுதானால் எத்தனை மொடியூல் மாற்றுவார்கள் என்று எழுத வேண்டும். கோரிக்கை ஏற்கப்பட்டால் ஏற்றிக் கொண்டுபோகிற செலவை அவர்கள் தர வேண்டும். முதல் ரெண்டுக்கும் சம்மதித்து ஒப்பந்தத்தில் எழுதித் தருவதாகப் பதில் வந்தது. கேட்டால் கிடைக்கிறது, இதையும் சொல்லத்தான் வேண்டும். மற்ற ரெண்டுக்கும் "அதெல்லாம் பார்த்துச் செய்வோம் சேர்" என்று போனில் சொன்னார்கள், எழுதித் தரவில்லை. போனில் சொன்னதற்குப் பெறுமதி இல்லை, ஏனென்றால் இந்தப் பேப்பரில் இல்லாத எந்த வாக்குறுதியும் செல்லாது என்று அதே ஒப்பந்தத்தின் கடைசி வரிகளில் இருக்கிறது.

காரை வாங்கினார். வாரண்டியை எடுக்கவில்லை. வாங்க முன்னம் கொழும்பில் ஒரு கராஜில் காசு கொடுத்து இருபது மொடியூலையும் ஸ்கேன் செய்து அளவு எடுத்தார். அந்தப் பேப்பரை வைத்து விலையில் கொஞ்சம் குறைத்தும் கேட்டார். வாரண்டிக்கென்று கட்ட இருந்த தொகையைக் காருக்கென்றே ஒரு தனிச் சேமிப்புக் கணக்கில் போட்டிருக்கிறார். எல்லோருக்கும் இதுதான் வழி என்று நான் சொல்லவில்லை. புதுக் கார், கிழக்கில் தன் சொந்தச் சேர்விஸ் நிலையம் வைத்திருக்கிற ஏஜென்ட், தயாரிப்பாளரின் முதல் வாரண்டியை அதே நிபந்தனையோடு நீட்டித் தருகிற ஒப்பந்தம் என்றால் நானே எடுக்கச் சொல்வேன்.

ஏற்கெனவே எடுத்துவிட்டவர்கள் இந்தக் கிழமையே செய்யக்கூடியது, கையெழுத்து வைத்த முழு ஒப்பந்தத்தின் பிரதியைக் கேட்டு வாங்குவது. வாங்கி, சேர்விஸ் பில்களைத் திகதிப்படி ஒரு பைலில் போடுங்கள். ஒவ்வொரு பில்லிலும் அன்றைய மீற்றர் அளவு எழுதியிருக்க வேண்டும். கோரிக்கையை மறுத்தால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள், போனோடு விடாதீர்கள். தந்த வாரண்டிக்கு ஏற்றபடி பொருளோ சேவையோ இல்லாவிட்டால் முறையிடுவதற்கு 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டப்படி பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபை இருக்கிறது. தொலைபேசி இலக்கம் 1977. முறைப்பாட்டை எழுத்தில் கொடுக்க வேண்டும், பொருள் விற்ற அல்லது சேவை தந்த நாளில் இருந்து 3 மாதத்துக்குள். கார் வாங்கி ஒரு வருடம் கழித்துப் பிரச்சினை வந்தவர்கள் இந்தக் காலக்கணக்கைப் பற்றி முதலில் ஒரு சட்டத்தரணியிடம் கேட்டுவிட்டு, ஒப்பந்தம், பில், மறுப்புக் கடிதம் மூன்றையும் கையோடு கொண்டு போங்கள்.